ஒரே தட்டில் இரண்டு பத்திரிகை

டிசம்பர் 5, வியாழன்

ஆபீஸ் பஸ்ஸில் என் ஜன்னல் சீட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒருத்தர் வந்து உட்கார்ந்தார். செம்பூரில் ஆரம்பித்தவர் அணுசக்தி நகர் வாசல் வருகிறவரை நிறுத்தவில்லை. இறங்கும்போது, "நீங்க ஒண்ணுமே பேச மாட்டேங்கிறீங்களே" என்று ஹிந்தியில் குறைப்பட்டுக்கொண்டார். எங்கே இடம் கொடுத்தார் பேச?

இத்தனை வருஷமாக நான் பார்த்துக்கொள்வது பம்புகளை. ஒரு பம்பும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. அதன் சத்தம் மாறினால் எனக்குத் தெரியும், போய்ப் பார்ப்பேன். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

பானுமதியிடம் சொன்னேன். "ஆமா, ரெண்டு வார்த்தை பேசிட்டா சொத்து கரைஞ்சிரும்லா" என்றாள். அவள் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். கீழே இறங்கிக் கொத்தமல்லி வாங்கி வருவதற்குள் இங்கே குழம்பு ஆறிவிடும். வழியெல்லாம் பேச்சு.

செல்வி என் ரகம். எங்களுக்கு ஒரே பெண். வீட்டிலிருந்தபடியே ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். ஞாயிறு சாயங்காலம் பால்கனியில் நான் பேப்பரோடும் அவள் போனோடும் உட்கார்ந்திருப்போம். விளக்குப் போடுகிறவரை ஒரு வார்த்தை இருக்காது. பானு எட்டிப் பார்த்து, "என்ன, சண்டையா?" என்பாள். சண்டையெல்லாம் ஒன்றுமில்லை. வாரத்தில் எனக்கு ஓய்வு என்பது அதுதான்.

இந்த ஞாயிறு அது கிடையாது. செல்விக்கு நிச்சயதார்த்தம்.

டிசம்பர் 8, ஞாயிறு

உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல இருக்கிறது. எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

மாப்பிள்ளை தமிழ்செல்வனுக்கு ஆண்டாப் ஹில்லில் வீடு. அப்பா இல்லை. அம்மா முருகம்மாள்தான் எல்லாம். கொஞ்சம் பேர்தான் வருவோம் என்று சொல்லியிருந்தார். வந்தது ஒரு ஊர். காட்கோபரிலிருந்து அவர் சொந்தக்காரர்கள் வேன் வைத்து வந்திருந்தார்கள். ஹாலில் நிற்க இடமில்லை. எல்லோருக்கும் பெண்ணைப் பார்க்க வேண்டும், கன்னத்தைத் தடவ வேண்டும், கேள்வி கேட்க வேண்டும்.

தட்டு மாற்றுகிற நேரத்துக்குப் பெண்ணைக் காணோம். பாத்ரூமில் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். பானு கதவைத் தட்டுகிறாள். "ஏட்டி, மானத்த வாங்காத. வெளிய வா." உள்ளே குழாய்ச் சத்தம் மட்டும். அந்தக் குழாய் எதற்குத் திறந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் கல்யாணத்தன்று நானும் திறந்து வைத்திருந்தேன்.

முருகம்மாள் நடு ஹாலில் நின்று கேட்டார். "பொண்ணுக்கு மேலுக்கு எதுவும் சொகமில்லையா? இருந்தா இப்பவே சொல்லிருங்க." எல்லார் காதிலும் விழுந்தது. பதில் சொல்ல வேண்டியவன் நான். தூண் மாதிரி நின்றேன்.

அப்புறம் தமிழ்செல்வன் வந்தான். கதவைத் தட்டவில்லை. பக்கத்திலிருந்த வாஷ்பேசினில் சாய்ந்துகொண்டு, "செல்வி, நான் இங்கதான் இருக்கேன். அவசரமில்ல" என்றான். பிறகு போனை எடுத்து கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் தாழ்ப்பாள் திறந்தது.

தட்டு மாற்றியாகிவிட்டது. யார் என்ன சாப்பிட்டார்கள் என்று எனக்கு ஞாபகமே இல்லை.

டிசம்பர் 9, திங்கள்

பஸ்ஸில் அந்தப் பேச்சுக்காரர் வரவில்லை. அப்பாடா.

டிசம்பர் 14, சனி

முருகம்மாளிடமிருந்து போன். பானு ஸ்பீக்கரில் போட்டாள். போடாவிட்டாலும் கேட்டிருக்கும்.

"கல்யாணத்தக் காலையில கோயில்ல வச்சுக்கிடுவோம். சாயந்தரம் ரிசப்ஷன் பெருசா வைக்கணும். எங்க ஆளுவ மட்டும் முந்நூறு வரும். பொண்ணு மேடையில சிரிச்ச மொகமா நிக்கணும். அன்னைக்கு மாதிரி இன்னொரு தடவ ஆச்சுன்னா நான் சொந்தக்காரங்க மூஞ்சில முழிக்க முடியாது. முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க. எம்பிள்ளைக்கு வேற எடம் பாத்துக்கிடுதேன்." பானு சரி சரி என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சாயங்காலம் செல்வி பால்கனிக்கு வந்தாள். ரொம்ப நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, நிறுத்திருங்க."

"ஏம்மா, தமிழைப் பிடிக்கலியா?"

"பிடிச்சிருக்குப்பா. அவர்கூடப் பேசாம இருக்க முடியுது." இதைச் சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. "மேடைதான் முடியாது. ஒவ்வொருத்தரா வருவாங்க, கை குடுப்பாங்க, போட்டோ எடுப்பாங்க. எனக்கு மூச்சு நின்னுரும். அன்னைக்கே நின்ன மாதிரிதான் இருந்துச்சு. அத்தனை பேர் முன்னாடி மறுபடியும் அப்படி ஆச்சுன்னா, அப்புறம் அந்த வீட்ல நான் எப்படிப்பா இருப்பேன்?"

"பார்ப்போம்மா" என்றேன்.

பார்ப்போம். என் வாயில் வருகிற ஒரே பதில். என்னத்தைப் பார்க்கப் போகிறேன்? தாழ்ப்பாள் போட்ட கதவைத் தட்டாமல் நிற்கிற பையன் இன்னொருத்தன் இவளுக்குக் கிடைப்பானா? இந்தக் கல்யாணம் நின்றால் என் பெண் அப்புறம் அறையைவிட்டே வெளியே வரமாட்டாள். எனக்குத் தெரியும். நான்தானே அவள்.

டிசம்பர் 21, சனி

பானு விழுந்துவிட்டாள். மீன் மார்க்கெட் ஈரத்தில் வழுக்கி, கணுக்கால் முறிந்து, முழங்கால்வரை மாவுக்கட்டு. ஆறு வாரம் கால் ஊன்றக் கூடாதாம். எங்கள் வீடோ மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. நாற்காலியில் வைத்துத் தூக்கி ஏற்றினோம். நானும் வாட்ச்மேனும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறோம், அவள் கேட்கிறாள்: "பத்திரிகை யாரு வைப்பா?"

கல்யாணம் பிப்ரவரி ஒன்பதில். தாராவியில் மட்டும் நூறு வீட்டுக்கு மேல் இருக்கிறது. போனில் அனுப்பிவிடலாமே என்றேன். ஏற இறங்கப் பார்த்தாள்.

"போன்ல அனுப்புனா அது நோட்டீஸுங்க. வீடேறிப் போயி, உக்காந்து, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு, வாயத் தொறந்து வாங்கன்னு சொல்லணும். அதான் அழைப்பு. இல்லன்னா ஒருத்தர் எட்டிப் பாக்க மாட்டாவ."

ஆக, நான். இந்த வாயை வைத்துக்கொண்டு.

டிசம்பர் 28, சனி

இன்று தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம். பானு மூன்று கேள்வி சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்தாள். உடம்பு எப்படி இருக்கு, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், ஊருக்குப் போனீர்களா. இந்த மூன்றையும் கேட்டால் போதும், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றாள்.

முதல் வீட்டில் மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டேன். அந்த அம்மா எதற்குப் பதில் சொல்வது என்று தெரியாமல் முழித்தார். மூன்றாவது வீட்டில் ஊருக்குப் போனீர்களா என்றதும் வீட்டுக்காரர் ஊரில் நடக்கிற வரப்புத் தகராறை ஆரம்பித்தார். இரண்டு காப்பி குடித்தும் தகராறு தீரவில்லை. வெளியே வந்து சந்து முனையில் நின்றுகொண்டேன். மறுபடி ஒரு கதவு, மறுபடி ஒரு சிரிப்பு. சிரித்துச் சிரித்துத் தாடை வலிக்கிறது. ஜனங்கள் இதை எப்படி தினமும் செய்கிறார்கள்?

ஒரு வீட்டில் மட்டும் நன்றாக இருந்தது. மாரியம்மன் கோயில் சந்தில், பானுவின் தோழி வீடு. அந்தம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தன் பேத்தியை என் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். பிள்ளை என் கண்ணாடியைப் பிடுங்கியது. அதைச் சமாளித்துக்கொண்டே இருந்தேன். வெளியே வந்த பிறகுதான் உறைத்தது, அந்த வீட்டில் நான் நிறைய பேசியிருந்தேன். ஏன் என்று தெரியவில்லை. யோசிக்கத் தெம்பில்லை.

டிசம்பர் 29, ஞாயிறு

இன்று முக்கியமான வீடு. பானுவின் அண்ணன் தம்பி வீடு.

கீழ்வீட்டில் தம்பி இசக்கிமுத்து, இட்லி வியாபாரம். இரும்பு ஏணி ஏறினால் மேலே பெரியவர் சுடலையாண்டி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர். அவர்தான் செல்விக்குத் தாய்மாமன் முறையில் மூத்தவர். மாலை எடுத்துக் கொடுக்க வேண்டியவர். போன மாதம்வரை ஒரே சமையல். விடியுமுன் ஓடுகிற தம்பியின் கிரைண்டர் சத்தத்தில் சண்டை வந்து இப்போது அடுப்பு இரண்டாகிவிட்டது. பேச்சு வார்த்தை இல்லை. பானு படித்துப் படித்துச் சொன்னாள்: "மேல ஒரு தட்டு, கீழ ஒரு தட்டு. பெரியண்ணனுக்கு மொதல்ல வைக்கணும்."

போனால், பெரியவர் படுத்திருக்கிறார், எழுந்திருக்க நேரமாகும், உட்காருங்கள் என்றார்கள் கீழே. கீழே நாலைந்து பெண்கள் மாவு விஷயமாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். இசக்கிமுத்து சந்தையில். என்ன செய்ய? இரண்டு பத்திரிகையையும் ஒரே தட்டில் வைத்து, பழம் வெற்றிலையோடு தம்பி சம்சாரத்திடம் கொடுத்து, "மச்சானுக்கும் சேத்து. எல்லாரும் வந்துருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சீக்கிரம் முடிந்தது. சாயங்காலம் பால்கனியில் உட்காரக்கூட முடிந்தது.

டிசம்பர் 31, செவ்வாய்

முடிந்தது என்று எழுதியிருக்கிறேன். மடையன்.

மதினி மீனாட்சியம்மாள், பெரியவரின் சம்சாரம், பானுவுக்குப் போன் செய்தார். தம்பி வீட்டுச் சின்னப் பையன் ஏணியில் ஏறிப்போய், "பெரியப்பா, இந்தாங்க பத்திரிகை" என்று நீட்டியிருக்கிறான். பெரியவர் தூங்கவேயில்லையாம். என் குரல் கேட்டிருக்கிறது. நான் செருப்பு மாட்டிக்கொண்டு போகிற சத்தமும் கேட்டிருக்கிறது.

"தம்பி வீட்டுக் கை வழியாவா எனக்கு அழைப்பு வரணும்? என் அடுப்பு அவன் அடுப்புக்குள்ளயா எரியுது? நான் வரல. எங்க ஆளுவளும் வரமாட்டாவ." இதுதான் அவர் சொன்னது.

போனை வைத்துவிட்டு பானு அழுதாள். கால் உடைந்தபோதுகூட அழாதவள். "ஏற்கெனவே அந்தம்மா பொண்ணுக்கு நோவான்னு கேக்குறா. இதுல தாய்மாமனும் இல்லன்னா என்ன சொல்லுவா? ஒரு ஏணி ஏறணும். ஒரு வார்த்தை. அதுக்கு உங்களுக்கு வாய் வலிச்சிட்டா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அதற்கும் திட்டினாள்.

ஜனவரி 3, வெள்ளி

பானுவும் பேசுவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் இப்போது மூன்று ஊமைகள்.

ஜனவரி 5, ஞாயிறு

காலையில் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது செல்வி வந்து நின்றாள். "நானும் வர்றேன்பா."

"நீ எதுக்கு?"

"எனக்காகத்தானே போறீங்க."

தாராவி போகிற பஸ் முழுக்க ஒரு வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். மச்சான், என் தப்புதான், மனசுல வச்சுக்கிடாதீங்க. ஏணி ஏறினோம். பெரியவர் கட்டிலில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. மதினிதான் வாங்க என்றார். தனித் தட்டில் பத்திரிகையை வைத்து நீட்டினேன். சொல்லிப் பார்த்த வாக்கியம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"நீரு ஏன்வே மெனக்கெட்டு ஏணியெல்லாம் ஏறி வாரீரு?" என்றார் டிவியைப் பார்த்தே. "தம்பிகிட்ட குடும். கிரைண்டர்ல போட்டு அரைச்சு மேல அனுப்புவான்."

தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். டிவியில் யாரோ விலை குறைவு என்று கத்திக்கொண்டிருந்தான்.

மார்கழி பஜனைக்கு அன்று சுண்டல் மதினி வீட்டு முறை. பஜனை முடிந்து தெருப் பெண்களும் பிள்ளைகளும் சுண்டல் வாங்க வரத் தொடங்கினார்கள். மதினிக்கு முழங்கால் வலி. குனிந்து நிமிர முடியாமல் தடுமாறினார். செல்வி எழுந்துபோய் அவர் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கிக்கொண்டாள். ஏணித் தலைப்பில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் தொன்னையில் போட்டுக் கொடுத்தாள். முதலில் குனிந்த தலை நிமிரவில்லை. அப்புறம் காதில் விழுந்தது. "இன்னும் கொஞ்சம் வைக்கட்டா அத்தை?" "தேங்காய் வேணுமா?" ஒரு பொடியன் மறுபடி வந்து கை நீட்ட, "ஏய், நீ இப்பத்தானே வாங்கிட்டுப் போனே? சட்டை மாத்திட்டு வந்தாத் தெரியாதா?" என்று கேட்டாள். பெண்கள் சிரித்தார்கள். என் பெண்ணைப் பார்த்து. அவளும் சிரித்தாள்.

நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டிவிச் சத்தம் நின்றிருந்தது. பெரியவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்வே, இவ பேசவே மாட்டான்னுல்லா சொன்னாவ?"

"நானும் அப்படித்தான் நெனச்சேன் மச்சான்."

வாய் திறந்துவிட்டது. அதற்குப் பிறகு மூடத் தெரியவில்லை. "அன்னைக்கு ரெண்டையும் ஒரே தட்டுல வச்சிட்டுப் போனது மரியாதை இல்லாம இல்ல மச்சான். உங்க முன்னால உக்காந்து பேசணுமேன்னு பயந்துட்டு ஓடிட்டேன். உங்ககிட்டன்னு இல்ல. எனக்கு யார்கிட்டயும் அப்படித்தான். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த வீட்டு வாசலுக்கு வந்தா எப்படா திரும்புவோம்னு இருக்கும்."

அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். என்னையே பார்த்தார்.

"பயமா? என்கிட்டயா?" என்றார். "நான் இத்தனை வருசமா என்ன நெனச்சிருந்தேன் தெரியுமா? சர்க்கார் உத்தியோகம், செம்பூர்ல வீடு, தாராவிக்காரன்கிட்ட நமக்கென்ன பேச்சுன்னு இருக்கான்னு நெனச்சேன். எத்தனை நாள் பானுகிட்ட சண்டை போட்டிருக்கேன். அவ சொன்னதில்லையா?"

சொன்னதில்லை. ஒரு நாளும் சொன்னதில்லை. பானுமதி, இதை மட்டும் ஏன் நீ பேசவில்லை?

மச்சான் தட்டை இழுத்து வெற்றிலையை எடுத்துக்கொண்டார். மதினி காப்பி கொண்டுவந்தார்.

ஜனவரி 6, திங்கள்

பானு பேசுகிறாள். காலையில் எழுந்ததிலிருந்து பேசுகிறாள். தலை வலிக்கிறது, ஆனாலும் சரி.

அண்ணன் சண்டை போட்டதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா அந்தப் பக்கமே வரமாட்டீங்க" என்றாள். உண்மைதான்.

சாயங்காலம் பால்கனியில் செல்வியிடம் கேட்டேன், நேற்று எப்படிம்மா முடிந்தது என்று. யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அங்க யாரும் என்னைப் பார்க்கலப்பா. சுண்டலைத்தான் பார்த்தாங்க. என்ன பேசணும்னு யோசிக்க வேண்டியதும் இல்ல. வேணுமா, போதுமா, அவ்வளவுதான். அப்புறம் மத்தது தன்னால வந்துச்சு."

எனக்கு அந்தப் பேத்தி ஞாபகம் வந்தது. என் கண்ணாடியைப் பிடுங்கியது. கையில் ஒரு வேலை இருந்தால் எங்கள் ரகத்துக்கு வாய் தானாகத் திறக்கிறது போலிருக்கிறது. இத்தனை வயசுக்குப் பிறகு இதைக் கண்டுபிடிக்கிறேன்.

"அப்போ மேடை வேண்டாம்" என்றேன். "பந்தியில பாயசம் ஊத்துறியா?"

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாள். நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அவங்க அம்மா விடுவாங்களா?"

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். லீவு போட்டுவிட்டு ஆண்டாப் ஹில்லுக்கு. தனியாகப் போக தைரியமில்லை. மச்சானைக் கூட்டிக்கொண்டு போனேன்.

தமிழ்செல்வனிடம் செல்வி முன்பே சொல்லிவிட்டாள். அவன் சரி என்றானாம். "அப்ப நான் அப்பளம் போடுறேன்" என்றானாம். ஆனால் முருகம்மாளிடம் நான்தான் சொல்ல வேண்டும். கையில் கரும்பை வைத்துக்கொண்டேன். அதன் கணுவைத் தடவிக்கொண்டே சொன்னேன். பெண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் நிற்க வேண்டாம், பந்தியில் வந்தவர்களுக்குப் பரிமாறட்டும், எல்லோரையும் பக்கத்தில் போய்ப் பார்த்த மாதிரியும் இருக்கும் என்றேன். இவ்வளவு நீளமாக நான் பேசியதே இல்லை.

முருகம்மாள் மூக்கைச் சிந்தாத குறை. "கல்யாணப் பொண்ணு பட்டுச் சேலையோட வாளியத் தூக்கிட்டு அலையவா? வேலைக்கு ஆள் வைக்க வக்கில்லன்னு காட்கோபர்க்காரிய சொல்ல மாட்டாளுவளா? கேட்டாலே சிரிப்பாவ."

இவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தேன்.

மச்சான் தொண்டையைக் கனைத்தார். "ஏம்மா, உங்களுக்குத் தெரியாதா? எங்க பக்கம் இது வழக்கம்லா. தாய்மாமன் மொதல் கரண்டிய எடுத்துக் குடுப்பான். பொண்ணு தன் கையால பாயசம் ஊத்துவா. அந்தப் பாயசத்தக் குடிக்கதுக்கே எங்காளுவ சண்டை போடுவாவ. இது இல்லாத கல்யாணம் ஒரு கல்யாணமான்னு கேப்பாவ. சரி, உங்களுக்கு வேண்டாம்னா விட்டுருவோம். நான் எங்காளுவகிட்ட சொல்லிக்கிடுதேன், மாப்ள வீட்டுல வழக்கத்துக்கு ஒத்துக்கிடலன்னு."

முருகம்மாள் முகம் மாறியது. "வழக்கம்னா நான் ஏன் வேண்டாங்கப் போறேன்? மொதல்லயே வழக்கம்னு சொல்லியிருந்தா..." என்றார்.

அப்படி ஒரு வழக்கம் எந்தப் பக்கமும் கிடையாது. திரும்பி வரும்போது மச்சானிடம் கேட்டேன். "இனிமே உண்டு" என்றார். பஸ்ஸில் எனக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சயான்வரை பேசிக்கொண்டே வந்தார். கேட்டுக்கொண்டே வந்தேன்.

பிப்ரவரி 8, சனி

நாளைக்குக் கல்யாணம். செல்வி சாப்பிடவில்லை. நானும்தான். பானு எங்கள் இரண்டு பேர் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு, எங்களுக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருக்கிறாள்.

பிப்ரவரி 10, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. லீவில்தான் இருக்கிறேன். வீட்டில் ஒரே பூ வாடை.

காலையில் கோயிலில் தாலி கட்டியாயிற்று. மச்சான் மாலை எடுத்துக் கொடுத்தார். தம்பி இசக்கிமுத்துவும் வந்திருந்தான். அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. ஒரே பக்கமாக நின்றார்கள், அதுவே போதும்.

சாயங்காலம் ஹால். பானு வாசலில் நாற்காலி போட்டு, கட்டுப் பிரித்த காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, வருகிறவர்களையெல்லாம் பெயர் சொல்லி அழைத்தாள். எனக்குப் பன்னீர்ச் செம்பு. தெளிக்கிறது, வாங்க என்கிறது, தெளிக்கிறது, வாங்க என்கிறது. தாடை வலிக்கவில்லை.

முதல் பந்தியில் செல்வி வாளியோடு வந்தபோது நான் செம்பை இன்னொருத்தரிடம் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினேன். மச்சான் கரண்டியை எடுத்துக் கொடுத்து, "எங்க பக்கத்து வழக்கம்" என்று ஊருக்கே கேட்கச் சொன்னார். பின்னால் தமிழ்செல்வன் கோட்டும் சூட்டுமாக அப்பளக் கூடையோடு. ஒரு இலை, ஒரு கரண்டி. குனிந்த தலை நிமிரவில்லை. ஏணித் தலைப்பில் பார்த்த மாதிரியே. இருக்கட்டும், இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது பந்தியில்தான் அது நடந்தது. காட்கோபர்க்காரர்கள் எல்லோரும் ஒரே வரிசையில். போனைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்று படம் எடுத்தார்கள். வீடியோக்காரன் விளக்கை முகத்துக்கு நேரே பிடித்தான். அவளுக்குக் கண் கூசியது. கரண்டி நிறைய பாயசம் ஒரு பெரியவரின் வெள்ளை வேட்டியில் கொட்டியது.

முருகம்மாள் எழுந்துவிட்டார். செல்வி பாத்ரூம் இருக்கிற திசையைப் பார்த்தாள். நான் பார்த்தேன், அவள் பார்த்ததை.

தமிழ்செல்வன் அவள் பக்கத்தில் வந்து, கூடையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றான்.

செல்வி வாளியைக் கீழே வைக்கவில்லை. மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, "இலைக்கு இன்னும் வரலியே பெரியப்பா, ஊத்தட்டா?" என்றாள்.

அந்தப் பெரியவர் ஒரு நிமிஷம் வேட்டியைப் பார்த்தார். "ஊத்தும்மா. வேட்டியே நல்லாயிருக்குன்னு சொல்லுது" என்றார். வரிசை முழுக்கச் சிரிப்பு. முருகம்மாள் தன் முந்தானையால் அந்த வேட்டியைத் துடைத்துவிட்டு, பக்கத்து இலைக்காரியிடம், "எம் மருமவ கையால ஊத்துன பாயசம், மிச்சம் வைக்காதட்டி" என்றார்.

அதற்குப் பிறகு நான்கு பந்தி. தலை நிமிர்ந்திருந்தது.

ஆண்டாப் ஹில்லுக்கு வண்டி ஏறும்போது செல்வி அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பானு அழுத அழுகை எங்கள் எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது.

மார்ச் 2, ஞாயிறு

பால்கனியில் பேப்பர் படித்தேன். பக்கத்து நாற்காலி சும்மா இருந்தது. பானு எட்டிப் பார்த்தாள், சண்டையா என்று கேட்கவில்லை. யாரும் இல்லாமல் பேசாமல் இருப்பது நன்றாகவே இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

தாராவியில் போன வாரம் ஒரு கல்யாணம். நமக்குத் தூரத்துச் சொந்தம். மச்சான் போன் செய்தார். இப்போதெல்லாம் நேராக எனக்கே செய்கிறார். அங்கேயும் பெண்ணுக்குக் கரண்டி எடுத்துக் கொடுத்தார்களாம். கேட்டதற்கு, எங்கள் பக்கம் வழக்கம் என்றார்களாம். சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

சாயங்காலம் பால்கனியில் இருந்தபோது செல்வியிடமிருந்து போன்.

"அப்பா, நேத்து வீட்ல காட்கோபர்க்காரங்களுக்கு விருந்து. இருபது பேர்."

"நீ பரிமாறினியா?"

"இல்லப்பா. அத்தை பரிமாறினாங்க. நான் அவங்ககூட உக்காந்து சாப்பிட்டேன்."

"பேசினியா?"

"கொஞ்சம்."

"கொஞ்சம் போதும்மா."

அதற்குமேல் அவளுக்கும் ஒன்றும் இல்லை, எனக்கும் இல்லை. வைக்கவும் இல்லை. அந்தப் பக்கம் காய் நறுக்குகிற சத்தம், ஒரு குக்கர் விசில். இந்தப் பக்கம் நான் பேப்பரைப் புரட்டினேன். அவளுக்கும் கேட்டிருக்கும்.

பானு வந்து எட்டிப் பார்த்தாள். "யாரு? ஒண்ணும் பேசாம காதுல வச்சிட்டு உக்காந்திருக்கீங்க?"

"செல்வி."

"என்ன சொல்லுதா?"

"ஒண்ணும் சொல்லல. இருக்கா."

பானு கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போய் விளக்கைப் போட்டாள்.